பிந்திப் பேசும் படிகள்

கரண்ட் போனால் எனக்கு முதலில் கேட்பது கடல்தான். இப்போது நான் இருக்கிற வீடு கடலுக்குக் கிட்ட இல்லை. இருந்தும் கேட்கும். மின்விசிறி தன் கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்கிற அந்த இடைவெளியில், அயல்வீட்டு றேடியோ பாதிச் சொல்லில் அறுந்துபோகிற அந்த இடைவெளியில், வெள்ளவத்தைக் கடல் என் சுவருக்கு வெளியே வந்து நின்று மூச்சு வாங்கும். வீட்டிலுள்ளவர்கள் நெருப்புப்பெட்டி தேடுவார்கள். நான் படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுப்பேன். இந்த வீட்டில் மாடியே இல்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுக்குள். உலக யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவானா மாட்டானா என்று சலூன்களில் பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றின் கடைசி வீட்டில், ஒரு ஹோட்டலுக்கு நான் மனேச்சர். ஹோட்டல் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். கீழே சாப்பாட்டு மண்டபம், மேலே அறைகள், பின்னால் குசினி. வீட்டைத் தாண்டினால் ரயில்பாதை. பாதையைத் தாண்டினால் பாறை, பிறகு கடல். முதலாளி யாழ்ப்பாணத்தில் இருந்தார். உப்புக்காற்று இங்கே இருந்தது. கதவுப் பிணைச்சல்களையும் பூட்டுகளையும் மனிதர்களின் பொறுமையையும் அது ஒரே சீராகத் தின்றுகொண்டிருந்தது.

மெயில் ரயிலில் வந்திறங்குகிற யாழ்ப்பாணத்தார்தான் எங்களிடம் தங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வழக்குக்கு வந்தவர்கள். அந்த வருஷம் இன்னொரு வகையினரும் வந்தார்கள்: கப்பல் பார்க்க வந்தவர்கள். மலாயாவிலிருந்து கப்பல் வருகிறதென்று கேள்விப்பட்டதும் வந்து தங்குவார்கள். ஜெட்டிக்குப் போய், இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தங்களுடைய முகம் இறங்கினால் அழுதுகொண்டு திரும்புவார்கள். இறங்காவிட்டால் அழாமல் திரும்புவார்கள்.

படிக்கட்டைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். மரப்படிக்கட்டு. மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். ஒருவர் ஏறுகிறபோது சத்தம் போடாது. ஏறியவர் அறைக்குள் போய், சால்வையை ஆணியில் மாட்டி, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான், மிதிபட்ட பலகைகள் கீழேயிருந்து ஒவ்வொன்றாக நிமிரும். கிறீச். பிறகு அதற்கு மேலே கிறீச். யாரோ ஆறுதலாக ஏறி வருகிற மாதிரியே இருக்கும். கடைசிப் படியோடு நின்றுவிடும். ஒருவரும் வரமாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு அறைப் பூட்டின் திறப்பைக் கொடுக்கும்போதே, "படி பிந்தித்தான் கதைக்கும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். ஒருமுறை சொல்ல மறந்து, வழக்குக்கு வந்த நாட்டுவைத்தியப் பரியாரியார் ஒருவர் கையில் பொல்லோடு விடியும்வரை கதவுக்குப் பின்னால் நின்றார்.

அந்தப் படிக்கட்டை எல்லாரையும்விட வெறுத்தவர் எங்கள் மலாயன் பென்சனியர். யுத்தத்துக்கு முன்பே மலாயாவில் உத்தியோகத்தை முடித்துக்கொண்டு வந்தவர். மனைவி போய்விட்டார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்காக எங்களோடுதான். படி ஏறி முடிகிற இடத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, இரண்டு கால்களையும் வழியில் நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார். மேலே போகிற எவரும் அந்தக் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நீதவான் வந்தாலும் மடக்கமாட்டார்.

"மனேச்சர், உதென்ன பேய்ப்படி? கோலாலம்பூரிலை எண்டால் உதைக் கழட்டி விறகுக்குப் போட்டிருப்பாங்கள்."

"மழை விட்டால் சரியாயிடும் ஐயா."

"மழை விட்டால் நானும் சரியாயிடுவன். படியை என்ன செய்யப் போறீர் எண்டு சொல்லும்."

மூலை அறையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணன் ஊரில் சட்டம்பியார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரலில்தான் சுடுதண்ணீரும் கேட்பார். தங்கைக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய புருஷன் மலாயா ரயில்வேயில் கிளாக்கர். ஜப்பான்காரன் வந்ததோடு அவரிடமிருந்து செய்தி நின்றது. சயாமுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோன கூட்டத்தில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அங்கே காய்ச்சலில் போய்விட்டதாகக் கேள்வி என்று இன்னொருவர் சொன்னார். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. கடலோரப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் விறாந்தைக்கு வந்து, கடைசிப் பெட்டி மறையும்வரை நிற்பார். ரயில் தெஹிவளைப் பக்கம் போனாலும் கோட்டைப் பக்கம் போனாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஊரில் அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்வி. தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? இல்லையென்றால் ஏன் இன்னும் கிரியை செய்யவில்லை? செய்யாத செத்தவீட்டை வைத்துக்கொண்டு எப்படி மணவறை? உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கிற முறை உண்டு. சட்டம்பியார் ஐயரிடம் கதைத்து வைத்திருந்தார். தங்கை சம்மதித்தால் போதும். சம்மதித்தால் அன்றிலிருந்து அவர் கைம்பெண். மகளின் மணவறைக்கு முன்னால் வராமல், பின்னால் எங்கேயோ ஒரு தூணோடு நிற்க வேண்டியவர்.

"ஒரு ஓம் சொல்லன் பிள்ளை," என்று அவர் அதட்டுவது மூலை அறையிலிருந்து கீழே எனக்குக் கேட்கும். "மச்சான் போயிட்டார். போன மனிசனை எத்தனை நாளைக்கு இழுத்து வைச்சிருப்பாய்?"

"கப்பல் வரட்டும் அண்ணை."

"சரி. இதுதான் கடைசிக் கப்பல். வரேல்லையெண்டால் விடிய ரயிலேறுறம். போனவுடனை காரியத்தைச் செய்யிறம்."

கப்பல் வந்தது. அவர் வரவில்லை.

அன்று பின்னேரம் அவர்கள் ஜெட்டியிலிருந்து நனைந்து திரும்பினார்கள். தென்மேல் காற்று. கடல் பாறையைத் தாண்டித் தண்டவாளத்தில் துப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைக் கடந்து போனபோது, "ரயிலுக்கு விடிய எழுப்பிவிடுங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை. சட்டி கழுவிக் கவிழ்த்த மாதிரி.

விளக்கு வைக்கிற நேரம். சுவிட்சில் கையை வைத்தேன். குமிழ் ஒருமுறை சிவந்து, செத்தது. ஒழுங்கை முழுவதும் ஒரே கணத்தில் இல்லாமல் போயிற்று.

உடனே மேலேயிருந்து பென்சனியர்.

"மனேச்சர்! லைற் இல்லை, பங்கா இல்லை, கடைசியிலை கடலையும் காணேல்லை. உமக்கு நான் என்னத்துக்குக் காசு தாறன்?"

"வயர் அறுந்திருக்கும் ஐயா. இப்ப லாம்பு வருது."

"நீர் உப்பிடித்தான். எல்லாம் வருது எண்டுவீர்."

உருப்படியாக எரியக்கூடிய அரிக்கன் லாம்பு இரண்டுதான் இருந்தது. மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஒன்றைச் சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தேன். மற்றதை மூலை அறை அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி, அறை வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், வேதக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற முடுக்கில் பாய் போட்டுப் படுப்பார். அங்கே அந்தோனியார் படமொன்றும் அதற்கு முன்னால் ஒரு சின்ன மண்விளக்கும் வைத்திருந்தார்.

லாம்பு மூலை அறைவரை போகவில்லை. வழியில் அந்தக் கால்கள் இருந்தன.

"எங்கை கொண்டு போறாய்?"

"மூலை அறை அம்மாவுக்கு ஐயா. மழையில நனைஞ்சி வந்திருக்காங்க."

"அப்ப நான் ஆந்தையோ, இருட்டிலை இருக்க? வை இஞ்சை."

வைத்துவிட்டு வந்தவர் நேரே தன் முடுக்குக்குப் போனார். அந்தோனியாருக்கு முன்னாலிருந்த மண்விளக்கை எடுத்தார். தேங்காய் எண்ணெய் விட்டுத் திரியை ஏற்றினார். ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு மேலே போனார். மூலை அறைக் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் குளியலறையில் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் விறாந்தையில் சால்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். மேசையில் தண்ணீர்க் கூசாவில் சாய்த்து வைத்தபடி ஒரு படம் இருந்தது. கோட்டும் ரையும் போட்டு, ஸ்ரூடியோக்காரன் சொன்னபடி முகத்தைச் சற்றுத் திருப்பிய ஒரு மனிதர். வேலைக்காரர் விளக்கை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

அவர் கீழே வந்து கையைத் துடைத்து முடியவில்லை, மேலே சட்டம்பியாரின் கூச்சல்.

"ஆரடா இதை வைச்சது? ஆரடா? உயிரோடை இருக்கிற மனிசன்ரை படத்துக்கு முன்னாலை ஆரடா விளக்கு வைச்சது?"

நான் ஓடினேன். பின்னால் வேலைக்காரரும். பென்சனியர்கூட லாம்பைத் தூக்கிக்கொண்டு கதிரையை விட்டு எழுந்துவிட்டார். அறை வாசலோடு நின்றுவிட்டேன். எங்கள் வீடுகளில் ஒரு மனிதரின் படத்துக்கு முன்னால் தனி விளக்கு ஏறுவது ஒரேயொரு காரணத்துக்குத்தான். இருட்டு அறை, ஒற்றைச் சுடர், அதற்குப் பின்னால் அந்த முகம். கடல்காற்றில் சுடர் ஆட, முகமும் அசைந்தது. எதையோ சொல்ல வாயெடுத்து வேண்டாமென்று விட்ட மாதிரி.

"நாந்தான் ஐயா வச்சேன்," என்றார் வேலைக்காரர். "அம்மா இருட்டில வரப் போறாங்களேன்னுதான். எங்கட வீட்ல படம் இருக்கிற இடத்திலதான் விளக்கு வைக்கிறது."

"உங்கடை அந்தோனியாரும் என்ரை மச்சானும் ஒண்டோ?"

"அந்தோனியார் காணாமப் போனதக் கண்டுபிடிச்சிக் குடுக்கிறவருதானே ஐயா," என்றார் அவர். பதில் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். "பிழைன்னா இப்பவே எடுத்திர்றேன்." குனிந்து, ஊதுவதற்கு வாயைக் குவித்தார்.

"ஊதாதை!"

இரண்டு குரல்கள். ஒன்று சட்டம்பியாருடையது. மற்றது கதவடியில், ஈரத் தலைமயிரோடு நின்ற அந்தப் பெண்ணுடையது. எப்போது வந்தாரோ தெரியாது.

பிறகு ஒருவரும் அசையவில்லை. ஏற்றிய விளக்கை வாயால் ஊதி நூர்க்கக் கூடாது. அதிலும் ஒருவர் பெயரால் எரிவதை ஊதினால் அந்த உயிரை நாமே ஊதினோம் என்று அர்த்தம். எரிய விட்டாலோ, அவர் செத்தவர் என்று நாமே சொன்னதாகிவிடும். கடற்கரை வீடொன்றில், முழங்கையளவு வெளிச்சத்துக்கு முன்னால், வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர் ஒரு மண்விளக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

"அண்ணை," என்றார் அந்தப் பெண். "இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"என்ன சொன்னனான்?"

"உயிரோடை இருக்கிற மனிசன் எண்டு."

சட்டம்பியார் தங்கையைப் பார்த்தார். இத்தனை நாளும் அதட்டிய மனிதர். போயிட்டார், போயிட்டார் என்று சுவருக்குக் கேட்கச் சொன்னவர். பிழிந்த சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"வாய் தவறி வந்திட்டுது," என்றார்.

"ஓம். எங்கையிருந்து வந்தது?"

அந்தப் பெண் மேசையடிக்கு வந்தார். முதலில் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு மற்றக் கையால் விளக்கை எடுத்தார்.

"நூர்க்கவும் வேண்டாம், இதிலை வைக்கவும் வேண்டாம். படிக்கு வைப்பம். ஏறி வாறவைக்கு வெளிச்சம் வேணுமெல்லோ."

சாதாரணமாகத்தான் சொன்னார், சோற்றை இறக்கிவிட்டு அடுப்பைத் தணிக்கச் சொல்கிற மாதிரி. எங்களைக் கடந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். படித்தலைப்பில், பென்சனியரின் கதிரைக்குப் பக்கத்தில், சுவரோரமாக விளக்கைத் தரையில் வைத்தார். வைத்த உடனே காற்று அதைப் பிடித்துச் சாய்த்தது.

"நில்லும் பிள்ளை, நில்லும், நூரப்போகுது," என்று பென்சனியர் தன் அறைக்குள் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். மலாயாவிலிருந்து கொண்டுவந்த, ஒருவரையும் தொட விடாத பெரிய கறுத்தக் குடையை எடுத்து வந்து, விரித்து, கடல் பக்கமாகச் சரித்து வைத்தார். சுடர் நிமிர்ந்தது. "யுத்தக் காலத்து இருட்டடிப்பெண்டால், உந்த வெளிச்சத்துக்கு ஒழுங்கையிலை விசிலடிச்சு உயிரை வாங்கியிருப்பாங்கள்," என்றார். பிறகு கையிலிருந்த லாம்பைப் பார்த்தார். "இந்தாரும். இது உம்மடை லாம்பு."

"நீங்கள் வைச்சிருங்கோ ஐயா. எனக்கு இது காணும்."

அவர் லாம்பின் திரியைத் தானாகவே இறக்கிவிட்டு, கதிரையில் சாய்ந்து முன்போலக் கால்களை வழியில் நீட்டிக்கொண்டார். அந்தப் பெண் சுவரோடு தரையில் உட்கார்ந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் போலச் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். மழை இரைந்தது. ஒருவரும் சாப்பாடு கேட்கவில்லை. வேலைக்காரர் கீழே போய்த் தட்டத்தில் பிளேன்ரீ கொண்டுவந்தார். கனத்த மனிதர். ஏறியபோது படி ஒரு சத்தமும் போடவில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வெறும் தட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார்.

அப்போதுதான் கீழே முதல் படி கேட்டது.

கிறீச்.

பிறகு அதற்கு மேலே.

எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். திறப்போடு சேர்த்து நானே சொல்லியிருந்தேன். சட்டம்பியாருக்குத் தெரியும். ஏறி வந்த ஆள் தட்டத்தோடு எங்கள் நடுவில் நிற்கிறார். மரம் நிமிர்கிறது, வேறொன்றும் இல்லை. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒலி அவசரப்படவில்லை. தூரத்திலிருந்து வந்து களைத்த ஒருவர், ஒவ்வொரு படியிலும் நின்று, கையிலுள்ள பெட்டியை மாற்றிப் பிடித்து ஏறுவது போல, இருட்டிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுடர் எட்டுகிற படிகளை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றார். தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். ஈரத்தில் பொட்டு கரைந்திருக்கும் என்று நினைத்தாரோ, விரலால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பென்சனியர் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். பேய்ப்படி, விறகு, கோலாலம்பூர். அவரோ நீட்டியிருந்த கால்களை மெதுவாக இழுத்து, முழங்காலைக் கையால் கட்டி, கதிரைக்குள் ஒடுங்கிக்கொண்டார். ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி திறந்தது.

கடைசிப் படி கேட்டது. பிறகு கடல் மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. திடீரென்று தலைக்கு மேலே குமிழ் வெடித்தாற்போல எரிந்தது. எல்லா அறைகளிலும் எரிந்தது. விரித்த குடையும், கையில் ஆறின தேநீரும், தரையில் ஒரு சட்டம்பியாருமாக, பிடிபட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்தோம். மண்விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அந்தப் பெண் குனிந்து பார்த்து, "எரியுது" என்றார். எண்ணெய் தீரும்வரை அப்படியே விடச் சொன்னார்.

விடிய, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் இறங்கினார். பாதிப் படியில் தங்கை கூப்பிட்டார்.

"அண்ணை, ஐயருக்குச் சொல்லிவிடுங்கோ. தர்ப்பை வேண்டாம்."

அவர் திரும்பவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"தகப்பன் தூர இடத்திலை எண்டு சொல்லுங்கோ. தாய் பொட்டோடை முன்னுக்கு நிப்பாள் எண்டும் சொல்லுங்கோ. விருப்பமெண்டால் செய்யட்டும்."

பெட்டி அவருடைய கையில் கொஞ்சம் தாழ்ந்தது.

"ஓம்," என்றார்.

அந்தக் கலியாணம் நடந்ததா, அந்த மனிதர் எப்போதாவது வந்தாரா, எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம், யாழ்ப்பாணம் அப்படியொன்றும் பெரிய ஊரில்லை. மூன்று வாடகை வீடுகள், இரண்டு உத்தியோகங்கள், தலையில் நரை என்று நான் அலைந்த இத்தனை காலத்தில் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏதோ ஒரு பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும் அந்தப் படியில் ஒலி நின்றுவிடும்.

வேலைக்காரர் தன் விளக்கைக் கழுவி அந்தோனியாருக்கு முன்னால் திரும்ப வைத்தார். அந்த மழைக்காலம் நீண்டது. பென்சனியர் சுடுதண்ணீரைக் குறை சொன்னார், சொதியைக் குறை சொன்னார், காகங்களைக் குறை சொன்னார். படியைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னேரங்களில் நான் அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். கொஞ்சம் பொறுத்து, நான் ஏறி வந்த படிகள் கீழேயிருந்து பேசத் தொடங்கும். அவர் கடலைப் பார்த்தபடியே கால்களை இழுத்துக்கொள்வார். கடைசிப் படி கேட்ட பிறகும் சற்று இருப்பார். ஆள் கடந்து போயிருப்பார் என்று பட்ட பிறகுதான் மறுபடி நீட்டுவார்.